பொது இடத்துக் காட்டுப்பூந்தோட்டம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

பூங்கா ஓரம், பள்ளிச் சுவரடி, ஏரிக்கரை, நூலக வாசல் என்று பொது இடங்களில் மண்ணுக்குரிய காட்டுப்பூக்களை விதைத்தவர்கள் என்னைக் கூப்பிடும்போது சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "எதுவும் சரியாக வரவில்லை." போய்ப் பார்த்தால் மூலையில் உரமூட்டை ஒன்று காலியாகக் கிடக்கும். அல்லது குழாய் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். செடிகள் நோயால் செத்ததைவிட, ஆசையோடு செய்த அவசர வைத்தியத்தால் செத்ததையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும், முதலில் உரத்தையும் மருந்தையும் நிறுத்துங்கள். பிறகு ஒரு இரும்புக் கம்பி, ஒரு மண்வெட்டி, ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள்.

அறிகுறி 1: விதைத்து மூன்று வாரமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை

*விதை இன்னும் மண்ணில் இருக்கிறதா?*

இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு பள்ளித் தோட்டத்தில் மூன்று முறை விதைத்தும் ஒரு முளைகூட வரவில்லை என்றார்கள். காலை ஏழு மணிக்குப் போய்ப் பாத்தி ஓரத்தில் குந்தி உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் விடை வரிசையாக நடந்து வந்தது. எறும்புகள் ஆளுக்கொரு தும்பை விதையைத் தூக்கிக்கொண்டு சுவர் விரிசலுக்குள் போய்க்கொண்டிருந்தன. விரிசல் வாயில் உமி மாதிரி விதைத்தோல் குவிந்து கிடந்தது. எறும்பைக் கொல்லத் தேவையில்லை. விதையைப் போல ஐந்து மடங்கு ஈர மணலோடு கலந்து தூவி, கைப்பலகையால் அழுத்தி, மேலே மெல்லிய சருகு மூட்டம் போட்டால் பெரும்பகுதி தப்பிவிடும். குருவியும் புறாவும் பொறுக்குகிற இடத்துக்கும் இதே வைத்தியம்தான்.

*ஆழமாகப் புதைத்துவிட்டீர்களா?*

பொடி விதைகளை மண்ணின் மேலேயே அழுத்தி விட்டால் போதும். தும்பையும் விஷ்ணுகிராந்தியும் அந்த வகை. பெரிய விதை என்றால் அதன் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம். காய்கறி விதைத்துப் பழகியவர்கள் விரலால் குழி போட்டு மூடிவிடுகிறார்கள். அந்தப் பாத்தியை இனிக் கிளறாதீர்கள். வேறு இடத்தில் புதிதாகத் தூவுங்கள்.

*தோல் கெட்டியான விதையா?*

ஆவாரை, கொழுஞ்சி, கிலுகிலுப்பை போன்ற அவரைக் குடும்பத்து விதைகளுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. இருபது விதையை ஓர் இரவு தண்ணீரில் போட்டுப் பாருங்கள். காலையில் ஊதிப் பருத்தவை முளைக்கும். போட்டபடியே கல் மாதிரி கிடப்பவற்றை இரண்டு உப்புத்தாள்களுக்கு நடுவே வைத்து, பளபளப்பு போகும்வரை தேய்த்து, மறுபடி ஊறவையுங்கள். வெந்நீர் முறையும் உண்டு. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, ஓரிரு நிமிடம் ஆறவிட்டு, விதைமேல் ஊற்றி, அப்படியே இரவு முழுதும் விட வேண்டும். நான் உப்புத்தாளையே நம்புகிறேன். அதிகச் சூட்டில் விதை வெந்துபோனால் வெளியே தெரியாது.

*விதை உயிரோடு இருக்கிறதா?*

ஈரத்துணியில் இருபது விதையைச் சுருட்டி நிழலில் வைத்துப் பத்து நாள் பாருங்கள். ஐந்துக்குக் குறைவாக முளைத்தால் விதை மாற்ற வேண்டியதுதான். துணியில் முளைத்தது, தோட்டத்தில் முளைக்கவில்லை என்றால் குறை மண்ணில் இருக்கிறது.

*மண் இறுகிவிட்டதா?*

மழை பெய்த மறுநாள் பேனா பருமனுள்ள கம்பியைக் கையால் அழுத்துங்கள். ஒரு சாண் இறங்கினால் மண் சரி. நாலு விரற்கடையில் நின்றுவிட்டால் அது நடந்து நடந்தோ, வண்டி ஏறியோ இறுகிய மண். கடப்பாறையால் நெம்பி இளக்கி, மட்கிய சருகை மேலே பரப்புங்கள். கம்பி எந்த இடத்திலும் இறங்கவில்லை, குத்தும்போது 'டங்' என்று ஒலிக்கிறது என்றால் நிறுத்துங்கள். அடியில் காங்கிரீட்டோ குழாயோ இருக்கிறது. பொது இடத்தில் மின்கம்பியும் எரிவாயுக் குழாயும் போயிருக்கக்கூடும். அந்த இடத்தைப் பராமரிக்கும் அலுவலகத்தில் வரைபடம் கேட்காமல் கடப்பாறை போடக் கூடாது.

அறிகுறி 2: முளைத்த நாற்று அடியில் இற்றுச் சாய்கிறது

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல் மெலிந்து கருத்திருந்தால் அது நாற்றழுகல். அடர்த்தியாக விதைத்து அடிக்கடி நீர் தெளித்ததன் விளைவு. மாலையில் தண்ணீர் விடுவதை நிறுத்திக் காலைக்கு மாற்றுங்கள். விரல் நுனியை மண்ணில் விட்டு, முதல் கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். நெருக்கமாக நிற்பவற்றில் பாதியைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் அசையும். மருந்து வேண்டாம். மிஞ்சுகிற நாற்றுகளே ஒரு பாத்தியை நிரப்பிவிடும்.

தண்டு நறுக்கென்று வெட்டுப்பட்டதுபோல் கீழே கிடந்தால் அது அழுகல் அல்ல, வெட்டுப்புழு. இரவு டார்ச் வெளிச்சத்தில் மண்ணை லேசாகக் கிளறினால் சுருண்டு கிடக்கும். கையால் பொறுக்குங்கள்.

அறிகுறி 3: ஆள் உயரம் வளர்ந்துவிட்டது, ஒரு பூ இல்லை

இலை கரும்பச்சையாக, கொழுகொழுவென்று, காற்றடித்தால் சாய்கிற மாதிரி இருக்கிறதா? மண்ணில் சத்து அதிகம். ஏழை மண்ணில்தான் இந்தச் செடிகள் பூத்துப் பழகியவை. எருவும் செம்மண்ணும் கொட்டிப் பாத்தி கட்டிய இடங்களில் இது தவறாமல் நடக்கும். சரிசெய்ய ஓராண்டு பிடிக்கும். உரம் போடாதீர்கள். வெட்டும் தழையை அங்கேயே மட்கவிடாமல் வெளியே எடுத்துப் போங்கள். ஆற்றுமணலோ உடைத்த செங்கல் தூளோ மேல்மண்ணில் கலந்தால் இன்னும் விரைவு.

இலை வெளிறி, கணுக்கள் நீண்டு, செடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் வெயில் போதவில்லை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை மணிக்கு ஒருமுறை நிழல் எங்கே விழுகிறது என்று நோட்டில் குறியுங்கள். ஆறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் ஆவாரை பூக்கும் என்று காத்திருப்பது வீண். நிழல் பொறுக்கும் செடியைத் தேர்ந்தெடுங்கள். மரக்கிளையை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அனுமதியும் மரம் ஏறத் தெரிந்த தொழிலாளியும் வேண்டும். ஏணி வைத்து நீங்களே ஏறாதீர்கள்.

இரண்டும் இல்லையென்றால் வயதைக் கணக்கிடுங்கள். ஆவாரை போன்ற புதர்ச்செடிகள் முதல் ஆண்டு வேருக்கே உழைக்கும். பொறுங்கள்.

அறிகுறி 4: பூச்செடியைக் காணோம், களைதான் நிறைந்திருக்கிறது

பிடுங்குவதற்கு முன் பெயர் தெரிந்துகொள்ளுங்கள். தன்னார்வலர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துத்தியையும் தைவேளையையும் சிறுபீளையையும் களை என்று பிடுங்கிக் குவித்திருந்ததைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அவர்கள் விதைத்த கலவையில் இருந்த செடிகளே அவை. இதற்கு ஒரு வழி: விதைத்த ஒவ்வொரு வகையிலும் பத்து விதையைத் தொட்டியில் தனியாக முளைக்கவிட்டுப் பெயர் எழுதி வையுங்கள். பிடுங்க வருகிறவர் அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டுப் பாத்தியில் கை வைக்கட்டும்.

*பார்த்தீனியமா?*

இலை ஆழமாகக் கிழிந்து கேரட் இலை மாதிரி இருக்கும். இளஞ்செடி தரையோடு ஒட்டி வட்டமாகப் படரும். பிறகு எழும்பிச் சிறுசிறு வெள்ளைப் பூ வைக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஒரே செடி 10,000-க்கும் மேல் விதை போடும். தொட்டால் பலருக்குத் தோல் தடிக்கும், மகரந்தத்தால் மூச்சிரைப்பும் வரும். கையுறை, முழுக்கைச் சட்டை, முகத்துணி மூன்றும் போட்டுக்கொண்டு, பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். குழந்தைகளை இந்த வேலைக்கு விடவே கூடாது. பூத்துவிட்ட செடியை மட்குக் குழியில் போட்டால் அடுத்த பாத்தி முழுதும் அதுதான். பிடுங்கியவருக்குத் தோலில் கொப்புளமோ மூச்சுத் திணறலோ வந்தால் கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

*உண்ணிச்செடியா?*

"வண்ணத்துப்பூச்சி நிறைய வருகிறதே, இருக்கட்டும்" என்பார்கள். பூச்சி வருவது உண்மை. ஆனால் இதுவும் வெளியிலிருந்து வந்த செடிதான். விட்டால் மற்ற எதையும் தலையெடுக்க விடாது. மேலே வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டித் திருப்பிப் போட வேண்டும். அரை ஏக்கர் அளவுக்குப் புதராக மண்டியிருந்தால் தன்னார்வலர் கையால் ஆகாது. இயந்திரமும் அனுபவமுள்ள ஆட்களும் தேவை. தோண்டிய இடத்தை ஒரு வாரம்கூட வெறுமனே விடாதீர்கள். விதை தயாராக இல்லையென்றால் தோண்டுவதையே தள்ளிப்போடுங்கள்.

நித்தியகல்யாணியைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். எங்கும் தானாக முளைப்பதால் நம் மண்ணுக்குரியது என்று நினைக்கிறோம். அது மடகாஸ்கர் செடி. பிடுங்கி எறிய வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் "நாட்டுப் பூக்கள்" என்று பலகை வைத்த பாத்தியில் அதை நடாதீர்கள்.

*எல்லாவிதமான களையும் கலந்து முளைக்கிறதா?*

மண்ணில் பழைய விதைகள் நிறையக் கிடக்கின்றன. புதிதாக எதையும் விதைக்காமல் பாத்திக்குத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் களை முளைக்கும். களைக்கொத்தியால் மேலாக, ஒரு விரற்கடை ஆழத்துக்கு மட்டும் சீவுங்கள். இதையே இன்னொரு முறை செய்துவிட்டு விதையுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் உறங்கும் விதை மேலே வந்து கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கோடைக்காலம் என்றால் மண்ணை நனைத்து, நிறமற்ற பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடி, ஓரத்தை மண்ணால் அடைத்து நான்கு முதல் ஆறு வாரம் விடலாம். கோரை மட்டும் இதற்கெல்லாம் அசையாது. கிழங்கைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

அறிகுறி 5: இலை மஞ்சளாகிறது, செடி குன்றி நிற்கிறது

முதலில் தண்ணீர். மஞ்சள் இலையைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை குழாயைத் தேடுகிறது. ஆனால் வேர் மூச்சுமுட்டும்போதும் இலை மஞ்சளாகத்தான் ஆகும். ஓரடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றிய நீர் ஒரு நாள் கழிந்தும் நின்றால் வடிகால் இல்லை. மண்ணை மேடாக்கலாம், அல்லது நீர் தேங்குவதை ஏற்றுக்கொண்டு நீர்முள்ளி போன்ற ஈரம் விரும்பும் செடிகளுக்கு அந்த மூலையைக் கொடுத்துவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நீர் கட்டடச் சுவருக்கு அடியில் போய்ச் சேர்கிறது என்றால் நீங்கள் தோண்டக் கூடாது. கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

குழி தோண்டும்போது வெளியே வருவதையும் பாருங்கள். ஒரு சமுதாயக் கூடத்தின் பின்புறம் நான் தோண்டிய குழியில் அரையடிக்குக் கீழே மண்ணே இல்லை. உடைந்த ஓடு, கட்டிதட்டிய சிமெண்ட், ஒரு துருப்பிடித்த கதவுக் கீல், நீலப் பெயின்ட் அப்பிய காரைத் துண்டு. மேலே அழகுக்குச் செம்மண் பரப்பியிருந்தார்கள். சிமெண்ட் காரை மண்ணைக் காரத்தன்மை உடையதாக்கும். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதைச் சந்தேகியுங்கள். பெரிய துண்டுகளைப் பொறுக்கி, சருகு மட்கைச் சேர்த்து, கல்லாங்குத்து நிலத்தில் தாமாகவே முளைக்கும் வகைகளை விதையுங்கள்.

பெயின்ட் துண்டு கிடைத்த இடம், பழைய தொழிற்சாலை நிலம், குப்பை எரித்த மேடு, பேட்டரி உடைத்த இடம் ஆகியவற்றில் காரீயம் இருக்கக்கூடும். அது செடிக்குக் கெடுதல் செய்கிறதோ இல்லையோ, மண்ணில் விளையாடும் குழந்தைக்குச் செய்யும். ஐந்தாறு இடங்களிலிருந்து மண் எடுத்துக் கலந்து பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை பாத்தியைக் கயிறு கட்டி மூடிவையுங்கள்.

அறிகுறி 6: எல்லாச் செடியும் ஒரே வாரத்தில் முறுக்கிக்கொண்டது

ஒரு வகைக்கு மட்டும் வந்தால் பூச்சி அல்லது நோய். அகன்ற இலைச் செடிகள் எல்லாம் முறுக்கி, தண்டு வளைந்து, பக்கத்துப் புல் மட்டும் நலமாக நின்றால் யாரோ களைக்கொல்லி தெளித்திருக்கிறார்கள். 2,4-டி வகை மருந்துகள் அகன்ற இலையைத் தாக்கும், புல்லை விட்டுவிடும். எந்தப் பக்கம் அதிகம் முறுக்கியிருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்றில் வந்திருக்கும். நடைபாதையைப் பராமரிப்பவரிடம் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறுபடி விதைக்குமுன் இரண்டு தொட்டியில், ஒன்றில் பாத்தி மண், மற்றொன்றில் நல்ல மண் போட்டுப் பயறு விதையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்தால் விதைக்கலாம்.

அறிகுறி 7: இலையெல்லாம் ஓட்டை

இது கோளாறே அல்ல, பெரும்பாலும். எருக்கிலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு தின்றுகொண்டிருந்தால் அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. இந்தப் புழுக்களுக்காகத்தான் மண்ணின் செடிகளை நடுகிறோம். மருந்து தெளித்த பாத்தியில் அடுத்த மாதம் பூ இருக்கும், பறப்பதற்கு ஒன்றும் இருக்காது. தின்றுபோன ஆவாரை இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தழைப்பதைத் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.

எருக்கின் இளந்தண்டில் மஞ்சள் அசுவினி மொய்த்திருந்தால் பொறிவண்டு வரும்வரை விட்டுவிடுங்கள். பார்க்கவே பொறுக்கவில்லை என்றால் தண்ணீரைப் பீய்ச்சினால் போதும். ஒரு எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. பட்டுவிட்டால் ஓடும் நீரில் நன்றாகக் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

அறிகுறி 8: நேற்று இருந்தது, இன்று இல்லை

*சீராக, ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருக்கிறது*

புல்வெட்டும் தொழிலாளியின் வேலை. அவர்மேல் கோபப்படாதீர்கள். அவருக்குக் கிடைத்த உத்தரவு "சுத்தம் செய்" என்பது. பாத்தியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் புல்லை நீங்களே ஒட்ட வெட்டி வையுங்கள். ஓரம் நேர்த்தியாக இருந்தால் உள்ளே நிற்பது வேண்டுமென்றே வளர்க்கப்படுகிறது என்று யாருக்கும் புரியும். நான்கு மூலையிலும் கம்பு நட்டு, என்ன செடி, எந்த மாதம் பூக்கும், எப்போது வெட்டப்படும் என்று பலகை வையுங்கள். முக்கியமாக, அந்தத் தொழிலாளியை நேரில் அழைத்துக் காட்டுங்கள். மேலாளருக்கு எழுதிய மூன்று கடிதங்களால் நிற்காத வெட்டு, வெட்டுகிறவரோடு கால் மணி நேரம் பாத்தியைச் சுற்றி நடந்ததில் நின்றது. இப்போது அவரே புது முளையைக் கண்டால் என்னைக் கூப்பிட்டுச் சொல்கிறார்.

*நடுவே ஒற்றையடிப் பாதை*

மக்கள் குறுக்கே நடக்கிறார்கள். வேலி போட்டுத் தடுத்து நான் ஒருமுறைகூட வென்றதில்லை. அந்தத் தடத்தையே ஓரடி அகலப் பாதையாக்கிக் கல் பதித்துவிடுங்கள்.

*நுனி பிய்ந்து, சாணமோ புழுக்கையோ கிடக்கிறது*

முதலில் வளர்க்கிறவரைக் கண்டு பேசுங்கள். முள் கிளைகளை ஓரத்தில் போடுவது அடுத்த படி. செம்முள்ளியை உயிர்வேலியாக வைப்பது அதற்கடுத்தது. கம்பி வேலி கடைசி.

*கிழங்கோடு தோண்டி எடுத்திருக்கிறார்கள்*

செங்காந்தளுக்கு இது நடக்கிறது. அதைப் பொது இடத்தில் நடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிழங்கு கொடிய நஞ்சு. குன்றிமணிக்கும் ஊமத்தைக்கும் அதே விதி. குழந்தைகள் கைக்கெட்டும் இடத்தில் அழகு ஒரு சாக்கு அல்ல. யாரேனும் தின்றுவிட்டதாகத் தெரிந்தால், வாந்தி வருமா என்று பார்த்துக்கொண்டிராமல் செடியின் ஒரு துண்டோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அறிகுறி 9: "புதர் மண்டிவிட்டது, பாம்பு வரும்" என்று புகார்

அந்த அச்சத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். நடைபாதையை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் வேண்டாம், உயரமானவை நடுவிலும் சுவரோரத்திலும் இருக்கட்டும். கற்குவியல், பலகை, எலிவளை மூன்றையும் பாதையிலிருந்து தள்ளி வையுங்கள். உணவுக் கழிவு விழாமல் பாருங்கள், ஏனென்றால் எலி வருவது அதற்காகத்தான், பாம்பு வருவது எலிக்காக. பாம்பைக் கண்டால் தூர நின்று, ஆட்களை விலக்கி, வனத்துறையையோ பயிற்சி பெற்ற மீட்பரையோ கூப்பிடுங்கள். கம்போடு யாரும் நெருங்கக் கூடாது.

அறிகுறி 10: முதல் ஆண்டு அமர்க்களம், இரண்டாம் ஆண்டு வெறுமை

விதை விழுவதற்குமுன் வெட்டிவிட்டீர்கள் என்பதுதான் பத்தில் எட்டு இடத்தில் காரணம். தும்பையும் தைவேளையும் பூத்துக் காய்த்து மடிகிற செடிகள். காய்ந்து நிற்கும்போது பார்க்க அலங்கோலமாக இருக்கும், யாராவது ஒருவர் "சுத்தப்படுத்தி" விடுவார். காய் பழுப்பாகி, குலுக்கினால் விதை ஒலிக்கும்வரை விடுங்கள். பிறகு பாத்தியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டி, தழையை இரண்டு நாள் அங்கேயே கிடத்தி உதறிவிட்டு அகற்றுங்கள். மற்ற இரண்டு பங்கும் அடுத்தடுத்த மாதங்களில்.

சருகு மூட்டம் கனமாகப் போட்டிருந்தால் விழுந்த விதை மண்ணைத் தொட்டிருக்காது. வாரியால் திட்டுத்திட்டாக மண் தெரியும்படி சீய்த்துவிடுங்கள். ஒரே வகை மற்றவற்றை அமுக்கி எழுந்திருந்தால் அதைப் பூக்கும் தறுவாயில் பாதியளவு வெட்டி, அந்த வெற்றிடத்தில் மற்றவற்றை விதையுங்கள்.

விதைக்கு ஒவ்வோராண்டும் வெளியே அலைய வேண்டாம். நலமான செடிகள் இருபதிலிருந்தாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கொய்யுங்கள், ஒரு செடியை மொட்டையடிக்காதீர்கள். நிழலில் உலர்த்தி, காகித உறையில் பெயரும் தேதியும் எழுதி, ஈரம் புகாத டப்பாவில் வைத்து, அடுத்த மழைக்கு ஒரு வாரம் முன்பு எடுங்கள். துணிச் சோதனைக்கு இருபது விதையை அப்போதே தனியாக எண்ணி வைத்துவிடுங்கள்.